சொல்லுக்கும் உண்டு நஸபு

இஷாத் தொழுகை முடித்து வீடு திரும்பியதும் தொலைபேசியின் முன் அமர்வது சில ஆண்டுகளாக நம் வழக்கமாகிவிட்டது. அயர்லாந்து நாட்டின் தலைநகராகிய டப்ளினில் நம் மகளும் மருமகனும் வாழ்கின்றனர். இங்கு இரவு கவியும் நேரம், அங்குப் பிள்ளைகள் பள்ளி விட்டு வீடு சேரும் பிற்பகல். ஆறு வயதுப் பேரனுக்கு அந்த நேரத்தில்தான் நாம் திருமறை ஓதக் கற்றுக் கொடுக்கிறோம். அவனுடைய ஓதலில் ஒரு குறை இருந்து வந்தது. அரபியின் 'கா' எழுத்து அவன் நாவுக்கு வசப்படவில்லை. 'கைர்' என்று சொல்லச் சொன்னால், தொண்டையின் மேற்புறத்தே உராய்ந்து எழ வேண்டிய ஒலியை நம் தமிழ்க் 'க'வாகவே சொல்லி வந்தான். அதற்காகப் பலமுறை கடிந்துகொண்டதும் உண்டு.

ஒருநாள் பாடம் தொடங்குமுன் அவன் முந்திக்கொண்டான்.

"நன்னா, இன்னைக்கு டீச்சர் என்னைப் பார்த்து 'மா அன் புவகில்'னு சொன்னாங்க. நல்ல பையன்னு அர்த்தம்."

அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலத்தோடு ஐரிஷ் மொழியும் கற்பிக்கப்படுகிறது. 'புவகில்' என்றால் பையன். தமிழில் எழுதும்போது இதன் ஒலி முழுமையாக அமையாது. முதலெழுத்து 'பரக்கத்' என்பதன் முதலெழுத்து. நடுவில் நிற்பதோ, ஈராண்டாக நாம் அவனிடம் மன்றாடிக் கேட்ட அதே 'கா'! நம் கண்டிப்புக்குப் பணியாத எழுத்து, யாரோ ஒரு ஐரிஷ் ஆசிரியையின் பாராட்டுக்கு எளிதாய்ப் பணிந்துவிட்டது. நாம் சிரித்தோம். ஆனால் பாடம் முடிந்த பின்னும் அச்சொல் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அன்றிரவு உறக்கம் வருமுன் நம் மனம் ஒரு வேலை செய்தது. புவகில், பையல், பயல். ஆகா, இது நம் தமிழ்ச் சொல்லன்றோ! கடல் கடந்து சென்ற தமிழ் வணிகர் எவரேனும் அங்கே விட்டு வந்திருப்பாரோ? காலையில் எழுந்து ஒரு கட்டுரை தீட்டிவிட வேண்டியதுதான் என்று முடிவும் செய்துவிட்டோம். அந்த நொடியில், ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வகுப்பறை நினைவு வந்து நம்மைத் தடுத்தது.

அன்று மாணவர்களிடம், "ஆங்கிலேயன் பூமியை 'எர்த்' என்கிறானே, அது நம் அரபியின் 'அர்ள்' என்பதன் திரிபு" என்று முழங்கினோம். பிள்ளைகள் மகிழ்ந்தனர். பின்வரிசையில் இருந்து ஒரு மாணவர் மட்டும் எழுந்தார். "ஹஜ்ரத், இதற்கு ஸனது உண்டா?" என்றார். ஹதீஸ் பாடம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அறிவிப்பாளர் தொடரில்லாச் செய்தியை ஏற்கலாகாது என்று அவருக்குக் கற்பித்தவர்களே நாம்தாம். விடையில்லாத நாம், விடையில்லாத ஆசிரியர்கள் செய்வதைச் செய்தோம். "உட்காரும்" என்று அதட்டினோம்.

அவர் கேட்டது சரியான கேள்வி. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்பார் கோதிக் மொழியில் பெயர்த்த பைபிளிலேயே பூமிக்கு 'எர்தா' என்னும் சொல் உள்ளது. ஜெர்மானிய மொழிகள் எல்லாம் தத்தமக்குரிய வடிவில் அச்சொல்லை வைத்திருக்கின்றன. அவர்கள் அதனை அரபியரிடமிருந்து பெற்றனர் என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை. ஓசை ஒத்திருந்தது, அவ்வளவே. அந்த ஒப்புமையை வைத்துக்கொண்டு, ஒரு பிள்ளைக்கு வேறொரு தகப்பனின் பெயரைச் சூட்டினோம்.

ஸிராஜியும் ஒரு நீதிபதியும்

தன் தந்தை அல்லாத ஒருவரைத் தெரிந்தே தந்தை என்று சொல்லிக்கொள்பவரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வன்மையாக எச்சரித்துள்ளார்கள். ஜைத் (ரலி) அவர்களின் விஷயத்தில், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு திருமறை பணித்தது. நஸபு என்னும் வம்சாவளி நம் மார்க்கத்தில் அத்துணை மதிப்புடையது. வாரிசுப் பங்கீட்டுக் கலை முழுவதும் அதன் மீதே நிற்கிறது. மனிதனின் நஸபுக்கு இவ்வளவு கவனம் எனில், சொல்லின் நஸபை மட்டும் வாய்க்கு வந்தபடி சொல்வது எவ்வகையில் நேர்மையாகும்?

இங்கே ஒரு வியப்பான செய்தியை வாசகர்கள் அறிய வேண்டும். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த ஆங்கிலேயர் வில்லியம் ஜோன்ஸ், 1786இல் ஆற்றிய உரையொன்றில், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும், இன்று மறைந்துபோன ஒரே ஊற்றிலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று அறிவித்தார். ஐரிஷ் மொழி சார்ந்த கெல்டிக் குடும்பமும் அவ்வூற்றையே சேரக்கூடும் என்றும் குறிப்பிட்டார். மொழிகளின் உறவுமுறையை ஆயும் இன்றைய கலைக்கு அவ்வுரை ஒரு வாயிலாயிற்று. அதே ஜோன்ஸ் 1792இல் ஒரு நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அது வேறெதுவுமன்று, ஹனஃபி மதரஸாக்களில் வாரிசுரிமைப் பாடமாக நாம் ஓதிய 'ஸிராஜிய்யா'தான். யார் யாருக்கு உறவு, எவருக்கு எவ்வளவு உரிமை என்று கணக்கிடும் கிதாபை மொழிபெயர்த்த கையே, மொழிகளின் உறவையும் எழுதிக் காட்டியது.

ஆகவே, நாம் எழுத நினைத்த கட்டுரையைக் கைவிட்டோம். 'புவகில்' என்னும் சொல்லை, ஹதீஸ் கலை நமக்குக் கற்பித்த முறையிலேயே ஆராயப் புகுந்தோம். இச்சொல்லை யாரிடமிருந்து யார் பெற்றார்? இடையில் தொடர் அறுந்துள்ளதா? ஒருவரையொருவர் காணாத சாட்சிகள் ஒன்றுபோல் உரைக்கின்றனரா?

இரு சொல் ஒன்றான கதை

'புவகில்' இன்று ஒரே சொல்லாகத் தோன்றுகிறது. உண்மையில் அது இரு சொற்கள் இணைந்த தொகைச்சொல். நம் இலக்கணத்தார் மரூஉ என்பார்களே, அவ்வாறு வழங்கி வழங்கித் தேய்ந்து, இணைந்த இடமே தெரியாமற் போனது. பழைய ஐரிஷ் மொழியில் அதன் பொருள் பையன் அன்று, மாடு மேய்ப்பவன். முன்பாதி, பசுவைக் குறிக்கும் 'போ'. பின்பாதி, சுற்றுதல், சுற்றித் திரிந்து பேணுதல் என்னும் பொருளுடைய பழைய வேர். பசுவைச் சுற்றிவந்து காப்பவன் என்பதே முழுப்பொருள்.

இதற்குச் சாட்சிகள் எவை? முதற்சாட்சி அண்டை வீட்டிலிருந்து வருகிறது. ஐரிஷுக்கு உறவுடைய வேல்ஸ் மொழியில் 'பிகைல்' என்பது இடையனைக் குறிக்கும். இரண்டாம் சாட்சி கிரேக்கத்தில் இருக்கிறது. அங்கே மாடு மேய்ப்பவனுக்கு 'பூகோலோஸ்' என்று பெயர். ஆயர் வாழ்வைப் பாடும் பாட்டுக்கு இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் வழங்கும் 'புகோலிக்' என்னும் பெயர் அதன் வழி வந்தது. அயர்லாந்தின் மாட்டுத் தொழுவத்துக்கும் கிரேக்கப் புல்வெளிக்கும் இடையே எத்தனை மலை, எத்தனை கடல்! ஆயினும் இரு சொற்களும் அசைக்கு அசை பொருந்தி நிற்கின்றன.

சொல் வடிவு மட்டும் பொருந்தினால் போதாது, ஒலி மாறிய முறையும் ஒழுங்காக இருத்தல் வேண்டும் என்பர் மொழியறிஞர். கிரேக்கத்தில் ஆட்டிடையனுக்கு 'ஐபோலோஸ்' என்று பெயர். பின்பாதி அதே வேர்தான். ஆனால் அங்கே 'போலோஸ்', இங்கே 'கோலோஸ்'. ஏன் இந்த வேறுபாடு? தொன்மொழியில் அவ்வேரின் முதலொலிக்கு இரண்டு மக்ரஜ் இருந்தன. நாவின் பின்புறத்தில் 'க'வும் உதட்டில் 'வ'வும் ஒருங்கே பிறந்தன. கிரேக்கத்தில் பெரும்பாலும் உதடு வென்று 'ப' ஆயிற்று. ஆனால் முன்னால் 'உ' என்னும் இதழ்குவி ஒலி நின்றால், உதட்டுக் கூறு அதில் கரைந்துபோய் 'க' மட்டும் எஞ்சியது. தஜ்வீது ஓதியவர்களுக்கு இத்தகைய நுட்பம் புதிதன்று; அண்டை எழுத்தால் எழுத்து மாறுவதை நாள்தோறும் நாம் ஓதிக் காண்கிறோம். இந்த விதிக்கு மொழியறிஞர் சூட்டிய பெயர் 'பூகோலோஸ் விதி'. நம் பேரனைப் பாராட்டிய சொல்லின் கிரேக்க உடன்பிறப்பே ஒரு விதிக்குப் பெயராகிவிட்டது!

முன்பாதியின் முதலொலியும் அவ்வாறே. 'போ' என்பதன் தொடக்கம் பழங்காலத்தில் உதட்டெழுத்தாக மட்டும் இருக்கவில்லை. உதட்டோடு சேர்ந்த மெல்லோசைக் ககரமாக இருந்தது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே அறிஞர் கணித்தனர். கணிப்பே தவிர, கண்ணால் கண்டவர் இல்லை. பின்னர் 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்னும் இளைஞர், கிரேக்க மண்ணில் கிடைத்த பழங்களிமண் பலகைகளின் எழுத்தைப் படித்துக் காட்டினார். பீலோஸ் நகரத்துப் பலகைகள் ஏறத்தாழ 3,200 ஆண்டு பழைமையானவை. அவற்றில் மாடு மேய்ப்பவர் குறிக்கப்பட்டிருந்தனர். அவர்தம் பெயரின் முதலெழுத்து 'ப' அன்று. அறிஞர் கணித்த அந்தப் பழைய ஈரிட ஒலிக்கென்றே தனியாக அமைந்த எழுத்து. காணாமலே சொன்ன செய்திக்கு மண்ணுக்கடியிலிருந்து ஒரு ஷாஹித் எழுந்து வந்து சாட்சி பகர்ந்தது!

இன்னும் ஒரு நேர்மையைச் சொல்ல வேண்டும். எழுத்தில் கிடைக்காத முன்னோர் வடிவை எழுதிக் காட்டும்போது, மொழியறிஞர் அதன் தலையில் ஓர் உடுக்குறி இடுகின்றனர். இது யாம் கணித்தது, ஏட்டில் கண்டதன்று என்பது அதன் பொருள். வலுவான அறிவிப்பையும் வலுவற்றதையும் பிரித்துக் காட்டிய நம் முஹத்திஸ்களின் பேணுதலை அச்சிறு குறியில் நாம் கண்டோம்.

ஒப்புமையும் உறவும்

இத்தொன்மொழிக் குடும்பத்துக்கும் தமிழுக்கும் தொடர்பே இல்லையா? பிறப்பால் இல்லை, கொடுக்கல் வாங்கலால் உண்டு. 'புவகில்' என்பதன் பின்பாதியான அந்தச் சுற்றும் வேரிலிருந்துதான் வடமொழியில் சக்கரமும், 'சர' என்னும் வினையடியும் பிறந்தன. சக்கரம், ஆசாரம், விசாரணை என அவை தமிழில் குடியேறின. பசுவைக் குறிக்கும் வடசொல்லோடு அதே 'சர' சேர்ந்து 'கோசரம்' ஆயிற்று. பசு திரியும் எல்லை என்பது அதன் முதற்பொருள். பின்னர்ப் புலன்கள் சென்று எட்டும் எல்லையாயிற்று. புலன்களுக்கு எட்டாததை 'அகோசரம்' என்கிறோம். டப்ளின் வகுப்பறையில் ஒலித்த சொல்லின் இரு வேர்களும், வேறு முறையில் கட்டப்பட்டு, நாம் எழுதும் தமிழில் உறங்குகின்றன. 'பையல்' என்பதில் தேடிய உறவு அங்கில்லை. நினைத்தும் பாராத இடத்தில் இருந்தது.

அரபியில் பசு 'பகர்'. ஐரிஷில் 'போ'. இரண்டுக்கும் தலையெழுத்து ஒன்று. உறவு கற்பிக்க நம் பழைய மனம் மீண்டும் துடித்ததை ஒளிப்பானேன்? ஆனால் 'பகர்' என்பதற்கு மூன்று வேரெழுத்துகள். பிளத்தல் என்பது அதன் மூலப்பொருள். நிலத்தைப் பிளந்து உழுவதால் எருதினத்துக்கு அப்பெயர் என்பர் அகராதியார். அறிவைப் பிளந்து அதன் உள்ளே புகுந்தவர் என்னும் கருத்தில்தான் இமாம் முஹம்மது அவர்கள் 'பாகிர்' எனப்பட்டார்கள். ஐரிஷ் 'போ'வோ ஆதியில் 'ப'வாகவே இருக்கவில்லை. எனவே ஒன்றாய்த் தோன்றும் இரண்டும் அயலார். மறுபுறம், ஆங்கிலத்தின் 'கௌ', ஐரிஷின் 'போ' இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். ஓரெழுத்தும் ஒவ்வாது. அவையோ ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். முகம் ஒத்திருப்பவரெல்லாம் உறவினரல்லர். முகம் ஒவ்வாமையால் உறவு அறுந்துவிடுவதுமில்லை.

இப்பிழை நமக்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்தில் மன்ஸ்டர் நாட்டின் அரசராகவும் பிஷப்பாகவும் விளங்கி, 908இல் போரில் மாண்ட கோர்மக் என்பவரின் பெயரால் ஒரு சொற்பொருள் நூல் வழங்குகிறது. அந்நூல் ஐரிஷ் சொற்கள் பலவற்றை வெட்டி, ஒட்டி, இலத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் எபிரேயத்துக்கும் மகவாக்கிக் காட்டுகிறது. புனித மொழிகளோடு உறவு கொண்டாடும் ஆசை அவர்களையும் விடவில்லை. ஆயினும் அந்நூலே நமக்கு அரிய செய்திகளையும் காத்துத் தந்துள்ளது. சாலையைக் குறிக்கும் 'போஹர்' என்னும் சொல்லிலும் பசு இருக்கிறது. ஒரு பசு நீளவாட்டிலும் மற்றொரு பசு குறுக்குவாட்டிலும் நிற்க இடங்கொள்ளும் அகலமுடையதே அச்சாலை என்று அளவு சொல்கிறது அந்நூல். அக்காலத்து அயர்லாந்தில் செல்வத்தின் அளவுகோல் பசு. சட்ட நூல்கள் சுதந்திரக் குடியானவனை 'பசுத் தலைவன்' என்னும் பொருள்படும் பெயரால் குறித்தன.

மேய்ப்பவன் பையனானான்

மாடு மேய்ப்பவன் எப்படிப் பையன் ஆனான்? கன்றுகாலிகளின் பின்னே போனவர்கள் பெரும்பாலும் வீட்டுச் சிறுவர்களே என்றால் விடை கிடைத்துவிடும். தொழிலின் பெயர் தொழில் செய்தவரின் வயதுக்குப் பெயராயிற்று. பிரான்சின் மேற்குக் கரையில் வழங்கும் பிரெத்தோன் மொழியிலும் இதே மூலத்திலிருந்து வந்த சொல் இன்று குழந்தையைக் குறிக்கிறது. ஆக, இரு கரைகளிலும் மேய்ப்பவன் பிள்ளையாகிவிட்டான்.

பொருள் மாறியதும் உள்ளிருந்த பசுவை மக்கள் மறந்தனர். இன்று ஐரிஷில் மாடு மேய்ப்பவனைச் சொல்ல வேண்டுமாயின் 'புவகில் போ' என்கின்றனர். முன்னே ஒரு பசு புதைந்து கிடக்க, அது தெரியாமல் பின்னே இன்னொரு பசுவைக் கட்டுகிறார்கள்! பழங்கதைதான், எந்த மொழியும் இதற்கு விலக்கன்று.

ஆனால் சொல்லுக்குள் பசு மறைந்ததைவிடத் துயரமான மறதி ஒன்று அந்நாட்டில் நேர்ந்தது. 1845 முதல் 1849 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மடிந்தனர். அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறினர். ஐரிஷ் பேசிய ஏழை மக்களே பெரிதும் அழிந்தனர். 19ஆம் நூற்றாண்டில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டி, அது ஐரிஷ் பேசும்போதெல்லாம் குச்சியில் ஒரு வெட்டு இட்டு, மாலையில் வெட்டுகளை எண்ணித் தண்டிக்கும் வழக்கமும் இருந்தது. தாய்மொழி பேசியதற்காகப் பிள்ளையை அடிப்பதற்குப் பெற்றோரே உடன்பட்டனர் என்பதுதான் கொடுமை. பிழைக்கும் மொழி ஆங்கிலம் என்று அவர்கள் நம்பினார்கள்.

'புவகில்' என்பதிலிருந்தே ஒரு குடிப்பெயரும் பிறந்தது. மேனூத் ஊரில் கடை வைத்திருந்த டோனல் உவா புவகலா, 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், தம் வண்டியில் தம் பெயரை ஐரிஷில் எழுதியமைக்காக வழக்கைச் சந்தித்தார். தம் பாட்டனார் பெயரைத் தம் மொழியில் எழுதுவது குற்றமாயிருந்த காலம்! காலம் சுழன்றது. 1932 முதல் 1936 வரை அந்நாட்டின் கடைசி கவர்னர் ஜெனரலாக அவரே இருந்தார். 1937ஆம் ஆண்டு அரசியல் சட்டம் ஐரிஷை முதல் ஆட்சிமொழியாக அறிவித்தது. 2007இல் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. ஆயினும் அன்றாட வாழ்வில் அதைப் பேசுவோர் இன்றும் சிறுபான்மையினரே. பட்டம் எளிதில் கிடைத்துவிடுகிறது. வீட்டில் பேசும் நாவு எளிதில் கிடைப்பதில்லை.

இதை எழுதும்போது நம் நெஞ்சு சுடுகிறது. அப்பேரன் நம்மிடம் தமிழில் பேசத் தொடங்கி, பாதியிலேயே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறான். தமிழில் அவன் தடுமாறும்போது திருத்தியிருக்கிறோமே தவிர, 'நல்ல பையன்' என்று எத்தனை முறை சொன்னோம்? 'கா' வராதபோது கடிந்தோம்; வந்தபோது வேறொருவர் பாராட்டி முடித்திருந்தார்.

மேய்த்தல் என்பதை நாம் இழிதொழிலாகக் கருதுவதற்கில்லை. நபிமார்கள் யாவரும் ஆடு மேய்த்தவர்களே என்றும், தாமும் மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்துகளுக்காக மேய்த்ததாகவும் பெருமானார் (ஸல்) கூறியுள்ளார்கள். ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தத்தம் பொறுப்பில் உள்ளோரைக் குறித்து விசாரிக்கப்படுவார் என்றும் எச்சரித்துள்ளார்கள். அங்கே மேய்ப்பருக்கு 'ராஈ' என்பது சொல். பொறுப்பில் உள்ள மந்தைக்கு 'ரஇய்யத்'. இந்த 'ரஇய்யத்' பாரசீகம் வழியாக இந்நாட்டுக்கு வந்து, ஆளப்படும் குடிகளையும் உழவரையும் குறித்தது. தாமஸ் மன்றோ சென்னை ஆளுநராயிருந்த 1820 முதல் 1827 வரையிலான காலத்தில் நிலைபெற்ற 'ரயத்துவாரி' முறையில் அச்சொல் நம் பட்டாக்களிலும் ஏறிற்று. இதற்கு ஸனது உண்டு, ஆவணம் உண்டு, அறுபடாத தொடர் உண்டு. ஐரிஷில் மேய்ப்பவன் பையனானான். அரபியில் மேய்க்கப்பட்டது குடியாயிற்று. இரண்டும் உறவுச் சொற்கள் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

மறுநாள் இரவு பேரனிடம், "புவகில் என்றால் முன்னாளில் மாடு மேய்ப்பவன் என்று பொருள், தெரியுமா?" என்றோம். அவன் கண்களை அகல விரித்து, "நான் எந்த மாட்டை மேய்க்கணும் நன்னா?" என்றான். "இப்போதைக்கு உன் தம்பியைப் பார்த்துக்கொள். அது போதும்" என்றோம். பிறகு 'கைர்' சொல்லச் சொன்னோம். பிசகில்லாமல் சொன்னான். இம்முறை நாமே முந்திக்கொண்டு, "மா அன் புவகில்" என்றோம். நம் உச்சரிப்பைக் கேட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இறுதியாக ஒன்று. 25 ஆண்டுகளுக்கு முன் பின்வரிசையிலிருந்து எழுந்து ஸனது கேட்ட அந்த மாணவர் இன்று எங்கு இருக்கிறாரோ அறியோம். இவ்வெழுத்து அவர் பார்வையில் படுமாயின், அன்று அவரை அமர வைத்தது அவர் கேள்வியின் குறையன்று, நம் அறிவின் குறையே என்பதை அறிந்து நம்மைப் பொறுத்தருள வேண்டுகிறோம். மொழிகளின் வேற்றுமையைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறையில் குறிப்பிட்ட வல்ல அல்லாஹ், அவ்வத்தாட்சிகளை நேர்மையோடு ஓதும் அறிவை நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.